படத்தில் இல்லாத சவுந்தரி

நேரலை மோசமாக இருந்த காலத்தில், சவுந்தரி அளவுக்கு அதைத் திட்டியவர் யாரும் இல்லை.

டிஸ்க் கோல்ஃப் என்றால் என்னவென்று தெரிந்தவர்களே அப்போது தமிழ்நாட்டில் குறைவு. கோல்ஃப் மாதிரிதான். பந்துக்கும் மட்டைக்கும் பதிலாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. மரங்களுக்கு நடுவே அதை எறிந்து எறிந்து போய், கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் கூடைக்குள் விழவைக்க வேண்டும். குறைந்த வீச்சில் முடிப்பவருக்கு வெற்றி. கொடைக்கானலில் கல்லூரி படித்தபோது சவுந்தரிக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பிறகு திண்டுக்கல்லில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை கிடைத்தது. எறிவது நின்றுபோய், பார்ப்பது மட்டும் மிஞ்சியது. இணையத்தில் ‘பறக்கும் தட்டு ரசிகர் மன்றம்’ என்று ஒரு குழுவைத் தொடங்கினாள். அங்கே ஆட்டத்தைப் பற்றிப் பேசியதைவிட ஒளிபரப்பைத் திட்டியதுதான் அதிகம்.

திட்டுவதற்குக் காரணமும் இருந்தது. தட்டு கையை விட்டதும் கேமரா வானத்துக்குப் போகும். மேகம் தெரியும், காக்கை தெரியும், தட்டு மட்டும் தெரியாது. எங்கோ சங்கிலி குலுங்கும் சத்தம் கேட்கும். யாருடைய தட்டு விழுந்தது என்று மன்றத்தில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். கடைசி வீச்சு வரும் நேரத்தில் திரை உறைந்து நின்றுவிடும்.

“சாமியாடி கையில கேமராவைக் குடுத்துட்டாங்களா?” என்று எழுதுவார் கரூர் கலைவேந்தன். மன்றத்தில் சவுந்தரிக்கு அடுத்தபடி வாய் நீளம் அவருக்குத்தான்.

“நான் கேட்டது ஆட்டம். நீங்க காட்டுறது வானிலை அறிக்கை” என்பாள் சவுந்தரி.

கடைசியில் அவளே உட்கார்ந்து ஒரு மனு எழுதினாள். பழனியில் செல்போன் கடை வைத்திருந்த முபாரக் அதை எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினான். ஆயிரக்கணக்கான ரசிகர்கள் பெயர் போட்டார்கள். மனுவில் இருந்தது இவ்வளவுதான்: மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை, மழையில் லென்ஸ் நனைகிறது, தட்டு விழும் இடம் தெரிவதில்லை, எங்களுக்குத் தெளிவான படம் வேண்டும்.

அடுத்த பருவத்தில் அது வந்தது. ‘தெளிவு’ என்றே பெயர் வைத்த ஒரு நிறுவனம் ஒளிபரப்பு உரிமையையும் போட்டி நடத்தும் பொறுப்பையும் சேர்த்தே வாங்கியிருந்தது.

முதல் நாள் பார்த்தபோது சவுந்தரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. தட்டின் விளிம்பில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. வீராங்கனையின் விரல் நுனியிலிருந்து புறப்பட்டு, பைன் மரங்களுக்கு இடையில் வளைந்து, புல்லைத் தொட்டுத் துள்ளி, சங்கிலியில் மோதும் வரை ஒரு கணம்கூடக் கண்ணை விட்டு அகலவில்லை. மன்றமே கொண்டாடியது. “நம்ம அக்கா போராடி வாங்கிக் குடுத்த படம்” என்று கலைவேந்தன் எழுதினார். சவுந்தரிக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

அவளுக்கு மிகவும் பிடித்த வீராங்கனை லிடியா. கொடைக்கானல் பள்ளியொன்றில் விளையாட்டு ஆசிரியை. ஒருமுறை வானொலிப் பேட்டியில் லிடியா சொன்னாள்: “நேத்து முழுக்க மழைங்க. தட்டு கையில நிக்கவே இல்ல.”

கேட்டுக்கொண்டிருந்த சவுந்தரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று அவள் பார்த்த படத்தில் வெயில் பளீரென்று அடித்தது. பழைய ஆட்டங்களை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். எதிலும் மழை இல்லை, பனி இல்லை. கொடைக்கானலில், அதுவும் அக்டோபர் மாதத்தில்!

“என்ன நடக்குதுன்னு நேர்ல போய்ப் பார்த்துட்டு வர்றேன்” என்று முபாரக்கிடம் சொன்னாள்.

“இவ்வளவு நல்லாப் படம் வரும்போது எதுக்குக்கா நேர்ல?” என்றான் அவன்.

“அதுக்குத்தான்.”

இறுதிப் போட்டியன்று காலைப் பேருந்தில் மலையேறினாள். பெருமாள்மலை தாண்டும்போதே பனி இறங்கிவிட்டது. மைதானத்தில் ஒரு கேமராவைக்கூடக் காணோம். பார்வையாளர் ஒருவரும் இல்லை. முன்பெல்லாம் தட்டு விழும் இடத்தில் கொடியோடு நிற்கும் ஆட்களும் இல்லை. தடுக்க யாரும் இல்லாததால் பாதையோரமாகவே நடந்து ஒரு கூடைக்கு அருகில் போய் நின்றாள். பத்தடி தள்ளியிருந்த மரம் தெரியவில்லை. இந்தப் பனியில் எப்படியும் ஆட்டத்தை நிறுத்தி வைத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தாள்.

விசில் மாதிரி ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. திரும்பினாள். வெள்ளைக்குள்ளிருந்து ஏதோ ஆரஞ்சு நிறத்தில் வந்தது.

பிறகு அவளுக்கு நினைவு இருந்ததெல்லாம் ஈரப் புல்லின் வாசனையும், “ஐயோ ஆளு! ஆளு இருக்கு!” என்று அலறிக்கொண்டே ஓடிவந்த ஒரு பெண்குரலும்தான்.

மதுரை மருத்துவமனையில் கண் விழித்தபோது இடது பக்கம் கட்டுப் போட்டிருந்தார்கள். கன்னத்து எலும்பு உடைந்திருந்தது. கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை என்று மருத்துவர் சொன்னார். சவுந்தரி முதலில் கேட்டது, “வண்டி ஓட்டலாமா?” என்றுதான். கற்றுக்கொள்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே நொடியில் இருபுறமும் பார்த்து பிரேக்கை மிதிப்பது அவள் வேலை. அந்த இருக்கை இனி தனக்கில்லை என்று அவளுக்கே புரிந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முபாரக் பார்க்க வந்தான். செல்போனை எடுப்பதும் பைக்குள் வைப்பதுமாக இருந்தான்.

“என்னடா?”

“லிடியாவோட அந்த வீச்சுக்கா… இந்த வருஷத்தோட சிறந்த வீச்சுன்னு அறிவிச்சுட்டாங்க. ஊரே பார்க்குது.”

“காட்டு.”

செல்போனை நீட்டினான். வெயில். பச்சைப் புல். பைன் மரங்களுக்கு நடுவே ஆரஞ்சுத் தட்டு மிதந்து வருகிறது. கூடைக்குக் கொஞ்சம் தள்ளி, திடீரென்று தாழ்ந்து, புல்லில் ஒரு துள்ளு துள்ளி, திசை மாறி, கூடையின் காலடியில் போய் அடங்குகிறது. தூரத்தில் லிடியா இரண்டு கைகளையும் உயர்த்திச் சிரிக்கிறாள்.

சவுந்தரி படத்தை நிறுத்தினாள். தட்டு தாழும் இடத்துக்குச் சற்று மேலே, வெறும் வெயில் மட்டும் இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“இங்கதான்டா என் மூஞ்சி இருந்துச்சு.”

அன்றே மன்றத்தில் நடந்ததை அப்படியே எழுதினாள். அனுதாபம் வரும் என்று நினைத்தாள். முதலில் வரவும் செய்தது. பிறகு ஒருவர் கேட்டார்: படத்தில் நீங்கள் இல்லையே? இன்னொருவர், அன்று பனியே இல்லையே என்றார். வேறு எங்கேயோ விழுந்து அடிபட்டுவிட்டு இந்த ஆட்டத்தின் பெயரைக் கெடுக்கிறாள் என்றார் மூன்றாமவர். கலைவேந்தன் எழுதியதுதான் ஆழமாகத் தைத்தது. “அக்கா, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன். அங்க யாரும் இல்ல.”

“எனக்கும் ரெண்டு கண்ணு இருந்துச்சு தம்பி” என்று பதில் எழுதிவிட்டுச் செல்போனைத் தூர வைத்தாள்.

காயம் ஆறியதும் தெளிவு நிறுவனத்தின் கோயம்புத்தூர் அலுவலகத்துக்கு முபாரக்கோடு போனாள். ஒளிபரப்புத் தலைவர் நந்தகோபன் மரியாதையானவர். எழுந்து நின்று வரவேற்றார். காபி வரவழைத்தார்.

“அன்னைக்கு எடுத்த படத்தைப் பார்க்கணும் சார். திருத்தாத படம்” என்றாள் சவுந்தரி.

“எடுத்தாத்தானேம்மா இருக்கும்?” என்றார் அவர். “எங்ககிட்ட கேமராவே கிடையாது. மைதானத்தை ஒரு தடவை அளந்து வச்சிருக்கோம். ஒவ்வொரு மரமும் கணக்குல இருக்கு. தட்டுல ஒரு சிப், ஆடுறவங்க பெல்ட்ல ஒரு சிப். எது எங்க இருக்குன்னு அது சொல்லும். மிச்சத்தைக் கணினி வரைஞ்சிடும். வெயிலை நாங்க போடுறோம்.”

“தட்டு என் மேல பட்டுத் திரும்பிச்சே?”

“திரும்பினது சிப்புக்குத் தெரியும். எதுல பட்டுதுன்னு தெரியாது. அந்த இடத்துல மரம் இல்ல, ஆள் இல்ல. அப்ப புல்லாத்தான் இருக்கணும்னு கணினி எடுத்துக்கிச்சு.”

“ஆள் இருந்தேனே.”

“உங்ககிட்ட சிப் இல்லையேம்மா.”

அதை அவர் இளக்காரமாகச் சொல்லவில்லை. அந்த அறையில் அதுதான் உண்மை என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். சவுந்தரிக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

“அந்தப் பனியில யாரு எறியச் சொன்னது?”

“எறியறதுக்கு முன்னாடி பச்சை விளக்கு எரியும். முன்னால யாரோட சிப்பும் இல்லைன்னா பச்சை. பார்க்கிறவங்களுக்கு வெயில் அடிக்கும்போது ஆட்டத்தை எப்படிம்மா நிறுத்தறது? காரணம் கேப்பாங்க இல்ல?” கொஞ்சம் யோசித்துவிட்டு, உண்மையான கரிசனத்தோடு சொன்னார்: “உங்க மனவருத்தம் புரியுது. வேணும்னா அந்தக் காட்சியில உங்களைச் சேர்த்துடலாம். ஓரமா நின்னு கை தட்டுற மாதிரி.”

முபாரக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். சவுந்தரி அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“தெளிவான படம் வேணும்னு மனு போட்டதே நீங்கதான்” என்றார் நந்தகோபன்.

“ஆமா. நடக்குறது தெளிவாத் தெரியணும்னு கேட்டேன். நீங்க நடக்குறதையே அழிச்சுட்டீங்க” என்றாள் அவள். “என்னைச் சேர்க்க வேண்டாம். நான் அங்க இருந்தேன். இருந்தவளைப் புதுசா யாரும் சேர்க்க முடியாது.”

காபியைத் தொடாமல் வெளியே வந்தார்கள்.

சில நாள் கழித்து லிடியா திண்டுக்கல்லுக்கு வந்தாள். டிரைவிங் ஸ்கூலில் சாலை விதிகளைப் போதிக்கும் வேலையை முதலாளி சவுந்தரிக்குக் கொடுத்திருந்தார். சைகைப் பலகைகள் மாட்டிய அந்த அறையின் வாசலில் லிடியா வெகுநேரம் நின்றாள்.

“அன்னைக்குக் கத்திக்கிட்டு ஓடிவந்தது நான்தான்க்கா” என்றாள். “எறிஞ்சதும் நான்தான்.”

“தெரியும். உட்காரு.”

“சத்தம் கேட்டதும் புரிஞ்சிடுச்சு. மரத்துல பட்டா அப்படிக் கேக்காது. உங்க தலையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கையெல்லாம் ரத்தம். வீட்டுக்கு வந்து பார்த்தா, அதே நேரத்துல படத்துல நான் கையைத் தூக்கிக்கிட்டு சிரிக்கிறேன். எங்கம்மா அதைப் பார்த்துட்டு ஊரெல்லாம் இனிப்புக் குடுத்திருக்காங்க.”

“ஏன் வெளியில சொல்லல?”

“அந்த வானொலிப் பேட்டிக்கு அப்புறம், மைதானத்துல நடந்ததைப் பேசக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல சேர்த்துட்டாங்க. பயந்துட்டேன்க்கா. இப்ப பயம் போயிடுச்சு. அந்த வீச்சுக்கு விருது குடுக்கிறாங்க, அதே மைதானத்துல. மேடையேறி எல்லாத்தையும் சொல்லப் போறேன்.” அவள் குரல் இறங்கியது. “ஆனா சொன்னா யாருக்குக் கேக்கும்? நான் முடியாதுன்னு சொன்னாலும், படத்துல நன்றின்னுதான் சொல்லுவேன்.”

முபாரக் தன் செல்போனில் படம் எடுப்பதாகச் சொன்னான். சவுந்தரி தலையாட்டினாள். “அதையும் கணினி வரைஞ்சதுன்னு சொல்லிருவாங்க. படத்துக்குப் படம் காட்டி ஜெயிக்க முடியாது. ஆளுங்க வரணும்.”

மன்றத்தில் அவள் எழுதியது சுருக்கமாக இருந்தது. ‘என்னை நம்ப வேண்டாம். லிடியாவையும் நம்ப வேண்டாம். விருது விழா அன்னைக்கு மலைக்கு வாங்க. ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்க. அங்க நின்னு பாருங்க. அப்புறம் என்னைப் பொய்க்காரின்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.’

சிரித்தவர்கள் அதிகம். வந்தவர்கள் ஒரு வேனும் சில பைக்குகளும் கொள்ளும் அளவுதான். கலைவேந்தனும் வந்திருந்தார். சவுந்தரியின் முகத்தைப் பார்க்காமல் தள்ளி நின்றார்.

தூறலும் பனியுமாக இருந்தது. ஈரமான மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய திரை. அதில் அதே மேடை, சுள்ளென்ற வெயிலில். கூட்டத்தில் ஒருவர் திரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், நனைந்த தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

லிடியாவின் பெயரை அழைத்தார்கள். மேடையேறியவள் கோப்பையை வாங்கவில்லை.

“இது சிறந்த வீச்சு இல்ல” என்றாள் சத்தமாக. “அது ஒரு மனுஷியோட கண்ணுல பட்ட தட்டு. அவங்க பேரு சவுந்தரி. அதோ நிக்கிறாங்க.”

திரையில் லிடியா நெஞ்சில் கை வைத்து, “எல்லாருக்கும் நன்றி” என்றாள்.

கூட்டத்தில் முதலில் ஒரு சலசலப்பு. பிறகு, “அடப்பாவிகளா!” என்று யாரோ கத்தினார்கள். லிடியா திரும்பித் திரையைப் பார்த்தாள். இடுப்பு பெல்ட்டைக் கழற்றி மேடையின் மேல் வைத்தாள். திரையில் அவள் உருவம் மறைந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள், கோப்பையைப் பிடித்துக்கொண்டு லிடியா திரையில் மறுபடியும் தோன்றினாள். முன்பைவிட அழகாகச் சிரித்தாள்.

மேடையில் அவள் பக்கத்தில் நின்ற நந்தகோபன் தணிந்த குரலில் சொன்னார்: “பெல்ட் ஒரு வசதிக்குத்தான்மா. உங்க நடை, வீச்சு, குரல், எல்லாம் எங்ககிட்ட இருக்கு. ஒப்பந்தத்துல அதுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நீங்க இல்லாமலும் நடக்கும்.”

லிடியாவின் முகம் ஒரு கணம் வெளுத்தது. கீழே நின்ற சவுந்தரியைப் பார்த்தாள். சவுந்தரி கைகளைக் கட்டிக்கொண்டு, மீதமிருந்த ஒற்றைக் கண்ணால் நேராக அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

லிடியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அப்படின்னா அவளையே வச்சுக்கங்க சார்” என்றாள். “எனக்கு வேலை இருக்கு.”

மேடையிலிருந்து இறங்கித் தன் தட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தாள். மற்ற ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ஒரு பெல்ட் விழுந்தது. பிறகு இன்னொன்று. மேடை ஓரத்தில் அவை குவிந்தன. பின்னால் திரையில் எல்லாரும் வெயிலில் வரிசையாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

தெளிவு நிறுவனம் மூடப்பட்டுவிடவில்லை. சவுந்தரி தன் கண்ணுக்காகப் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. அவர்களுடைய போட்டிகளும் நடக்கின்றன, மைதானத்துக்கு யாரும் போகாமலேயே. லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். படம் அபாரமாக இருக்கிறது என்று எழுதுகிறார்கள். அந்த லிடியாவுக்கு வயது ஏறுவதில்லை, தோள் வலிப்பதில்லை. அவள் இன்னும் ஜெயித்துக்கொண்டே இருக்கிறாள்.

இந்த லிடியா, ஆட்டக்காரர்களே சேர்ந்து நடத்திய முதல் போட்டியில் நான்காவதாக வந்தாள்.

அந்தப் போட்டிக்கு மைதானத்தின் பொறுப்பு சவுந்தரிக்கு. ஒவ்வொரு கூடைக்கும் முன்னால் மன்றத்து ஆள் ஒருவர் விசிலோடு நின்றார். “வழி காலி” என்று அவர் குரல் கொடுத்த பிறகுதான் எறிய வேண்டும். பனி இறங்கினால் ஆட்டம் நிற்கும். பாதி நாள் நின்றுதான் கிடந்தது. நேரலை என்று எதுவும் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் மலையேற வேண்டும். “இந்தக் காலத்துல இப்படி ஒரு அநியாயமா?” என்று இணையத்தில் திட்டினார்கள். சவுந்தரி யாருக்கும் பதில் எழுதவில்லை.

பிற்பகலில் பனி கொஞ்சம் விலகியது. விசில் ஒலித்தது, குரல் வந்தது. லிடியா ஓடிவந்து எறிந்தாள். தட்டு மேலே எழும்பி, காற்றில் ஒருக்களித்து, ஒரு பைன் கிளையை உரசிவிட்டு, சரிவுப் பக்கம் திரும்பி மறைந்தது. இலைகள் சரசரத்தன. பிறகு சத்தமே இல்லை. “சே!” என்று லிடியா தொடையில் அடித்துக்கொண்டாள்.

சவுந்தரியின் இடது பக்கத்தில், அவள் பார்வைக்கு எட்டாத இடத்தில், யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பினாள். கலைவேந்தன். காலையிலிருந்து அவளுக்குப் பின்னாலேயே ஒவ்வொரு கூடையாக நடந்து வந்திருக்கிறார். சொல்ல வேண்டிய வேறு ஏதோ இருந்தது அவர் முகத்தில். ஆனால் கேட்டது இதைத்தான்.

“எங்கக்கா விழுந்துச்சு?”

“எனக்கும் தெரியல தம்பி” என்றாள் சவுந்தரி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் கால் வைத்தாள். “வாங்க, போய்ப் பார்ப்போம்.”